கல்லை வேக வைத்தவர்

செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். அவர் சாகவில்லை. அதனால் அந்தக் கட்டாயம் எனக்கில்லை. பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் மனைவிக்குச் சங்கடம். அந்த அம்மாவுக்கு நான் ஏற்கெனவே செய்தது போதும்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், இரும்பு உருக்கும் கம்பெனிகளின் புகை வந்து இறங்குகிற பக்கத்தில், ஒரு தகர ஷெட் இருந்தது. அங்கே அவரும் நானும் இரண்டே பேர். கடல் மீன் தொட்டிக்கான கற்களைச் சுத்தம் செய்வது எங்கள் வேலை. இதைச் சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். கல்லில் என்ன சுத்தம், கழுவிப் போட்டால் முடிந்தது என்கிறார்கள். சிரிப்பவர்களை ஒரு நாள் அந்த ஷெட்டுக்குள் உட்கார வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

சென்னையில் பெரிய வீடுகளிலும் ஓட்டல்களிலும் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, கலர் கலராகக் கடல் மீன் விடுவார்கள். உள்ளே அடுக்குகிற கல் தெருவில் கிடக்கிற கல் இல்லை. உடம்பெல்லாம் பொத்தலாக இருக்கும் பவளக் கல். கடலிலிருந்து புதிதாக எடுத்தால் ஜெயில். அதனால் யாரோ ஆசைப்பட்டு வைத்து, யாரோ அலுத்துப்போய்க் கலைத்த தொட்டிகளின் பழைய கல், காய்ந்துபோய் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். அதன் ஒவ்வொரு பொத்தலிலும் செத்த புழு, பாசி, நத்தை, மீன் கழிவு எல்லாம் காய்ந்து ஒட்டியிருக்கும். அப்படியே புதுத் தொட்டியில் போட்டால் எல்லாம் ஊறி அழுகி, இரண்டே நாளில் மீன் மல்லாந்துவிடும்.

ஸ்க்ரூடிரைவரால் குத்தி, பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒரு வாரம் ஊற வைப்போம். அப்புறம் நல்ல தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வெயிலில் காயப் போட்டு, தண்ணீர் கலந்த ஆசிட்டில் ஒரு முக்கு முக்கி, மறுபடி அலசுவோம். கடைசியில் நீல டிரம்மில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மோட்டார் ஓட விட்டு, மூடி போட்டு ஒரு மாதம் வைக்க வேண்டும். மூடியைத் திறந்தால் நாற்றமே இருக்கக் கூடாது. அப்போதுதான் கல் தயார். மொத்தம் ஒன்றரை மாதம்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. மடித்துக் கட்டிய லுங்கி, காதில் ஒரு பிரஷ். முதலாளி எங்கள் இருவருக்கும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தார். என்னுடையதை நான் போட்டுக்கொண்டேன். அவர் தன்னுடையதை ஆணியில் மாட்டி வைத்தார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார். கையில் மட்டும் ஒரு நாளும் போடவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

"ஒண்ணியும் ஆவாதும்மா."

அந்த மனிதர் எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனாரோ தெரியாது. கற்றுக்கொண்டு வந்தது இந்த இரண்டு சொற்கள்தான். மழைக்குக் கரண்ட் ஒயர் பிய்ந்து தொங்கினால் ஒண்ணியும் ஆவாது. கெமிக்கல் கம்பெனியின் பழைய டிரம், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் வந்தால் ஒண்ணியும் ஆவாது. கையில் தோல் உரிந்து தொங்கும், அப்போதும் அதேதான்.

நான் சேர்ந்து மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். பிளீச்சிங் தண்ணீரிலிருந்து எடுத்த கல்லை அலசாமல் ஆசிட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இது அவருக்குத் தெரியாதா என்றால், எனக்கு அதைச் சொன்னதே அவர்தான். அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. அலசத் தண்ணீர் இல்லை. பிளீச்சிங் நிற்கிற டிரம்மிலேயே ஆசிட்டைக் கவிழ்த்தார். சோடா உடைத்ததுபோல நுரைத்துக்கொண்டு மஞ்சளாக ஒரு புகை கிளம்பியது. எனக்கு மூச்சு நின்றது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அவர் டிரம்மை உதைத்துச் சாய்த்துவிட்டு, இருமிக்கொண்டே நிதானமாக வெளியே வந்தார்.

"ஒண்ணியும் ஆவல பாரு. இதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்டி அலறிகினு ஓட்ற?"

"அண்ணா, உன் கண்ணு ரத்தமா கீது. கண்ணாடில பாரு."

"வெங்காயம் உரிச்சா கூடத்தான் செவக்குது."

வெங்காயமாம். அன்றைக்கே நான் வேலையை விட்டிருக்க வேண்டும். ஏன் விடவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பொய்யாகிவிடும்.

என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் கான்டிராக்ட் ஆள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அந்தக் கம்பெனியைத் திடீரென்று பூட்டினார்கள். உள்ளே இருந்த சட்டையைக்கூட எடுத்துக்கொள்ள விடவில்லை. மறுநாள் கல்லைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் பிரஷோடு உட்கார்ந்திருந்த அவர் அதைப் பார்த்தார். சாயங்காலம் ஒரு பழைய மொபெட்டில் அரிசி மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்ரோல் இல்லை போலிருக்கிறது. மூட்டையை இறக்கி வாசலில் வைத்துவிட்டு, "ஒண்ணியும் ஆவாதும்மா, இத்த துண்ணுட்டு தெம்பா இரு" என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார். அன்றைக்கு அந்தச் சொல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால்தான் இவர் மேல் கோபப்படும்போது எனக்கு இரண்டு மடங்கு கோபம் வருகிறது. வெறும் கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன்.

அவர் மனைவி தினமும் மத்தியானம் கேரியர் கொண்டுவருவாள். எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு இருக்கும். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பேச்சு குறைவு. புருஷன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவாள். அவர் ஒண்ணியும் ஆவாது என்றால் அவளும் ஆகாது என்று நம்புவாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசியில் ஒரு பெரிய சரக்கு வந்தது. ஏதோ ஒரு ஓட்டலில் கலைத்த தொட்டியின் கல், பதினைந்து மூட்டை. பிரித்துப் பார்த்தால் பாதிக் கல்லில் பழுப்பாக ஒரு தோல் காய்ந்து படர்ந்திருந்தது. சட்டைப் பொத்தானை வரிசையாக ஒட்டினது போலிருக்கும். உயிரோடு இருந்தபோது பூ மாதிரி விரிகிற ஏதோ கடல் ஜீவன் என்று மட்டும் தெரியும். தண்ணீர் தெளித்துச் சுரண்டினேன். ஒரு துளி உதட்டில் தெறித்தது. துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போய், பல் டாக்டர் ஊசி போட்டதுபோல ஆகிவிட்டது. வாயெல்லாம் இரும்பு ருசி. இரண்டு மணி நேரம் சரியாகப் பேச முடியவில்லை.

"அண்ணா, இந்தத் தோலுல இன்னாவோ கீது. உதடே இல்லாத மாரி கீது எனுக்கு."

"உப்புத் தண்ணி பட்டா அப்டித்தான் இருக்கும். ஒண்ணியும் ஆவாது."

இதே சமயத்தில் முதலாளி போன் செய்தார். அவர் சென்னையில் இருப்பார். எங்களுக்கு அவர் பெரும்பாலும் ஒரு போன் குரல்தான். புதிதாக ஒரு கம்பெனியைத் திறக்கிறார்கள், வரவேற்பறையில் எட்டு அடி தொட்டி, வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் கல் வேண்டும் என்றார். அன்று திங்கட்கிழமை. ஒன்றரை மாத வேலை, நான்கு நாள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம் ஆள் போனை மூடிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலையில் பாத்திரக் கடையிலிருந்து வாடகைக்குப் பிரியாணி அண்டா வந்து இறங்கியது. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். மழை சாய்ந்து அடித்தது. விறகு நனையக் கூடாது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார்.

"இன்னாண்ணா இது?"

"வேவ வெச்சிரலாம். ரெண்டு மணி நேரம் கொதிச்சா புழு பூச்சி அத்தினியும் பூடும். ஆட்டுக்கறியே வெந்துபூடுது, கல்லுல ஒட்டிகினு கீறது வேவாதா?"

"நேத்து என் உதடு மரத்துச்சே, அந்தத் தோலு கல்லயாவது தனியா எடுத்து வெய்யி. அத்த அண்டால போடாத."

"பாதிக் கல்லு அதுல கீது. அத்த எடுத்துட்டா தொட்டிக்கு இன்னாத்த வெக்கறது? உன் தலையவா? ஒண்ணியும் ஆவாது, போய் விறகு எட்தா."

என் கோபம் எனக்கே நல்லதல்ல என்று என் அம்மா சொல்வாள். அன்றைக்கு மட்டும் அது நல்லதாக இருந்தது. ஒரு தோல் கல்லை எடுத்து, கவரில் போட்டுச் சுற்றி, என் பையில் திணித்தேன். இதையாவது வேக வைக்க விட மாட்டேன் என்று ஒரு வீம்பு, வேறொன்றுமில்லை. "நீயாச்சு, உன் அண்டாவாச்சு" என்று கத்திவிட்டு, எதிரே இருந்த டீக்கடை ஓலைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஷட்டருக்குக் கீழே வெள்ளையாக ஆவி தவழ்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் அண்ணி குடை பிடித்துக்கொண்டு கேரியரோடு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னாம்மா, மழைல இங்க குந்திகினு கீற?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "உள்ள போயி உன் புருஷன கேளு."

இதைத்தான் சொன்னேன். உள்ளே போகாதே என்று சொல்லவில்லை. என் உதடு மரத்தது எனக்குத் தெரியும். அந்தத் தோல் அண்டாவில் கொதிக்கிறது என்றும் தெரியும். கோபம் அவர் மேல். காட்டியது அவள் மேல். அவள் ஷட்டருக்குக் கீழே குனிந்து, அந்த வெள்ளை ஆவிக்குள் நுழைந்தாள். சோறு போட்டாள். அப்புறம் நான் செய்ய வேண்டிய வேலையை, விறகு தள்ளுகிற வேலையை, அவளே உட்கார்ந்து செய்தாள். மூன்று மணி நேரம்.

நாலு மணி சுமாருக்கு ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். "வாயில காசு வெச்ச மாரி கீதும்மா" என்றாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பின்னாலேயே அவர். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, "சுக்கு காப்பி குடிச்சா சரியாபூடும், ஒண்ணியும் ஆவாது" என்றார். அந்த நேரத்தில் பையிலிருந்த அந்தக் கல் என் கையில் இருந்திருந்தால் அவர் மண்டையில் போட்டிருப்பேன். ஆட்டோ பிடித்து இருவரையும் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் முதலாளியின் போன் வந்தது. இவர் காதில் வைத்த போனிலிருந்து எனக்கே கேட்டது. "கல்லு கில்லுன்னு டாக்டர்கிட்ட வாயத் தொறந்துடாதப்பா. பவளக் கல்லுன்னா ஃபாரஸ்ட்காரன் வந்து நிப்பான்." இவர் தலையை ஆட்டினார். போனுக்குத் தலையாட்டுகிற மனிதர்.

உள்ளே ஒரு சின்ன வயது பெண் டாக்டர். என்ன ஆச்சு என்று கேட்டார்.

"மழைல நனஞ்சிட்டோம் மேடம். சளி" என்றார் இவர்.

அண்ணிக்கு மூச்சு பஞ்சரான டியூப் மாதிரி சீறிக்கொண்டிருந்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நிலைமையிலும் அவள் புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள், அவர் சொல்வார் என்று. அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். டாக்டர் சளிக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மழையும் இல்ல மண்ணும் இல்ல மேடம்!" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "கல்ல வேவ வெச்சாங்க. அந்த ஆவில மூணு மணி நேரம் குந்திகினு இருந்துச்சு இந்தம்மா."

"கல்லையா?"

"அது கொஞ்சம் கோவக்காரப் பொண்ணு மேடம்" என்றார் அவர். இருமிக்கொண்டே சொன்னார். மனைவி மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர் முதலாளியைக் காப்பாற்ற என்னைப் பைத்தியக்காரி ஆக்குகிறார்.

பையிலிருந்த கவரை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தேன். "இத்த கையால தொடாதீங்க. இதுல ஒட்டிகினு கீற தோலு என் உதட்டயே மரத்துப்போவ வெச்சுது. இந்த மாரி கல்லுதான் அண்டா பூரா வெந்துச்சு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்தார், அண்ணியின் நகத்தைப் பார்த்தார், எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் என்று என்னிடம் கேட்டார். "இது என்னன்னு எனக்குத் தெரியலை. ஆனா சளி இல்லை" என்றார். உடனே ஆக்சிஜன் வைத்து, இரண்டு இடத்துக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு ஆளால்தான் அண்ணி பிழைத்தாள். பதினோரு நாள் படுக்கையில் இருந்தாள். அவருக்கு இடது கண் பால் ஊற்றினது போலாகி, அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி வரவேற்பறையில் பிளாஸ்டிக் கல் வைத்தார்களாம். வந்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

ஷெட்டை முதலாளி மூடிவிட்டார். அந்தப் பொண்ணு வாயால ஷெட்டயே பூட்டிட்டாங்க என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைத்தெருவில் ஒரு நாள் மடக்கிப் பிடித்தேன். "உன் பொண்டாட்டி செத்துருப்பா, தெரியுமா உனுக்கு?" என்று கேட்டேன். ஒற்றைக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செத்தாளா? ஒண்ணியும் ஆவலல்ல?"

ரொம்ப நாள் கழித்து என் மகள் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினாள். அந்தப் பொத்தான் தோலில் இருக்கிற விஷம், உயிர் போய்க் காய்ந்த பிறகும் அப்படியே இருக்குமாம். கொதிக்க வைத்தால் ஆவியோடு கிளம்புமாம். எந்தக் காரணம் கொண்டும் கல்லை வேக வைக்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நான் எங்கே போய் யாரிடம் காட்ட?

கடைசியாக அவர்களைப் பார்த்தது பெரியபாளையத்தில், ஷெட் மூடி இரண்டு வருடம் கழித்து ஒரு ஆடி ஞாயிறு. அண்ணி பிழைத்ததற்கு வேண்டுதல் போலிருக்கிறது. வேப்பிலை உடுத்தி அம்மனைச் சுற்றி முடித்துவிட்டு, ஈரத் தலையோடு ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அவர் செங்கல் வைத்துப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். விறகு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் போய்விடலாம் என்று நகர்ந்தேன்.

"இன்னாம்மா, பாக்காத மாரி போற?" என்றாள் அண்ணி.

இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். "அண்ணி, அன்னிக்கு உன்ன உள்ள போவச் சொன்னது நான்தான். அந்தத் தோலு விசயம் தெரிஞ்சும் போவாதன்னு ஒரு வார்த்த சொல்லல."

"தெரியும். நீ டாக்டராண்ட சொல்லும்போது எனுக்கு மூச்சுதான் போச்சு, காது போவல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்த மாதிரியும் சொல்லவில்லை. கையிலிருந்த தேங்காயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அவர் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலைத் திறந்தார். பெட்ரோல் வாசனை எங்கள் வரைக்கும் வந்தது. பக்கத்து அடுப்புக்காரர் பதறினார். "யோவ், உள்ள கங்கு கீதுய்யா, ஊத்தாத!"

"அட, ஒண்ணியும் ஆவாதுப்பா."

தேங்காய் கீழே விழுந்தது. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இரண்டு அடுப்புகளைத் தாண்டி, பத்து அடி தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இன்னா அண்ணி?"

"அவரு வாயில அது வந்துட்டா நான் அங்க நிக்கறதில்ல."

குப்பென்று ஆள் உயரத்துக்கு எழுந்தது தீ. அவர் பின்னால் துள்ளி விழுந்து, புருவத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார். பார்வையுள்ள கண்ணைத் திருப்பி, "ஒண்ணியும் ஆவல பாரு" என்றார். நாங்கள் முன்பு நின்ற இடத்தைப் பார்த்துச் சொன்னார். அங்கே நாலு வேப்பிலையும் உருண்டு கிடந்த தேங்காயும்தான் இருந்தன.